கைமணமும் கைபடாமையும்

1

மளிகைக் கடைக் கயிற்றில் தொங்குகிற பொட்டலங்களை ஒருநாள் நின்று வாசித்துப் பாருங்கள். கவிதை என்றால் வரிவரியாகப் பிரிக்கிறோம். நாவல் என்றால் யார் பேசுகிறார், யார் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கிறோம். பொட்டலத்தை மட்டும் கிழித்துக் கொட்டிவிட்டுக் காலடியில் போட்டுவிடுகிறோம். ஆனால் நம் சனங்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க நம்முடைய இந்தப் பக்கங்களை வாசிக்காமலே போகலாம். பொட்டலத்தை வாசிக்காமல் ஒருநாளும் கழிவதில்லை. எழுத்துத் தெரியாதவருக்கும் அதில் படம் இருக்கிறது.

அந்தப் பொட்டலங்களில் அடிக்கடி வருகிற வாசகங்கள் இரண்டு. ஒன்று, 'கை படாமல் தயாரிக்கப்பட்டது'. ரொட்டியின் மேல், தண்ணீர் பாட்டிலின் மேல், மாவுப் பொட்டலத்தின் மேல் இதைப் பார்க்கலாம். இன்னொன்று, 'பாட்டியின் கைமணம்'. இது ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் சாம்பார்ப் பொடிக்கும் உரியது. ஒரே கடை, ஒரே கயிறு. ஒரு பொட்டலம், கை பட்டதால் வாங்கு என்கிறது. பக்கத்துப் பொட்டலம், கை படாததால் வாங்கு என்கிறது. வாங்குகிறவர் இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போகிறார். அவருக்கு இதில் முரண் எதுவும் தெரிவதில்லை.

ஏன் தெரியவில்லை? இரண்டும் ஒரே கையைப் பற்றிப் பேசவில்லை. மணக்கிற கை ஒன்று, படக்கூடாத கை வேறு. இந்த நாட்டில் விளம்பரம் செய்கிற முதல் வேலை கைகளை இப்படி இரண்டாகப் பிரித்து வைப்பதுதான். தரம், எடை, விலை எல்லாம் அதற்குப் பின்னால் வருகிற பேச்சு. நுகர்வோர் என்று சொல்லப்படுகிறவர் பொருளை மட்டும் வாங்குவதில்லை. ஒரு கைக்குப் பக்கத்தில் போய் உட்காரவும் இன்னொரு கையிலிருந்து தள்ளி உட்காரவும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்.

2

தொலைக்காட்சியில் வருகிற சமையல் பொடி விளம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. வாசலில் பெரிய கோலம். முற்றம். பித்தளைப் பாத்திரம். பட்டுச்சேலை கட்டிய வெள்ளைத்தோல் மருமகள். ஊஞ்சலில் மாமனார். முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடுகிற மாமியார். பொடியில் என்ன இருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. பொடி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதைத்தான் அத்தனை படமும் சொல்கிறது. ஓலைக்குடிசையிலோ தொகுப்பு வீட்டிலோ மணக்க மணக்கக் குழம்பு கொதிப்பதை அந்தத் திரையில் பார்ப்பது அபூர்வம். நம் வீட்டுப் பெண் அங்கே வந்தால் பாத்திரம் தேய்க்க வருவாள். இல்லையென்றால் சிரிப்பு மூட்ட வருவாள்.

இந்தப் பொடியில் இருக்கிற மிளகாய் எங்கிருந்து வந்தது? ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. ஊர்ப்பெயருக்கு மரியாதை கிடைத்துவிட்டது. அந்த மிளகாயைப் பழம் பார்த்துப் பறித்து, களத்தில் காயப்போட்டு, காம்பு கிள்ளுகிறவள் பெயர் எந்தக் குறியீட்டிலும் இல்லை. காம்பு கிள்ளுகிற வேலை என்றால் என்ன என்று கிள்ளியவளைக் கேட்க வேண்டும். 'பகல்ல தெரியாது தம்பி, ராத்திரிதான் எரியும். எண்ணெயத் தடவுவோம். மோருக்குள்ள கைய முக்கிக்கிட்டு ஒக்காந்திருப்போம். புள்ளையத் தூக்க முடியாது, கண்ணத் தொடச்சுவிட முடியாது' என்று சொல்வார்கள். பெற்ற பிள்ளையைத் தொட முடியாத அளவுக்கு மிளகாயைத் தொட்ட கை அது. அந்த மிளகாய் ஆலைக்குள் போய் எந்திரத்தில் அரைபட்டு வெளியே வரும்போது பொட்டலத்தின் மேல் எழுதுகிறார்கள், கை படாமல் தயாரிக்கப்பட்டது.

பண்டத்துக்குள் உழைப்பு மறைந்துபோகிறது என்று மார்க்ஸ் 1867 இல் எழுதினார். இங்குள்ள இடதுசாரித் தோழர்கள் அதை ஒப்பிப்பார்கள். உண்மைதான். ஆனால் நம் ஊர்ப் பண்டத்தை வாசிக்க அது மட்டும் போதாது. இங்கே எல்லா உழைப்பும் மறைக்கப்படுவதில்லை. ஊறுகாய்ப் பாட்டியின் உழைப்பு அட்டைப்படத்தில் சிரிக்கிறது. அதை மறைத்தால் விற்காது. காம்பு கிள்ளியவளின் உழைப்பு மறைக்கப்படுகிறது. அதைக் காட்டினால் விற்காது. எந்தக் கையைக் காட்டலாம், எந்தக் கையை ஒளிக்கணும் என்கிற அந்தக் கணக்கைச் சந்தை புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சாதி எழுதி வைத்திருந்ததை எடுத்து அச்சடித்துக்கொண்டது.

3

விளம்பரம் தொலைக்காட்சியோடு வந்ததில்லை. முதல் விளம்பரம் கடை வாசல் பலகை. சென்னை மாகாணத்தில் உணவு விடுதிகளின் வாசலில் இரண்டு வகைப் பலகைகள் இருந்தன. ஒன்று, பஞ்சமர் உள்ளே வரக்கூடாது என்பது. இன்னொன்று, 'பிராமணாள்' என்பது. முதல் பலகை, சாப்பிட வருகிறவன் யாராக இருக்கக்கூடாது என்று சொன்னது. இரண்டாவது பலகை, சமைக்கிறவன் யார் என்று சொன்னது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் கடையின் சரக்கு முழுமையாகும்.

முதல் பலகையை நம்மவர்கள் இறக்கினார்கள். 1924 இல் ரெட்டமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது இடம் எல்லாவற்றிலும் நமக்குள்ள உரிமையை அரசை ஏற்க வைத்தார். 1938 இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா சிவில் தடைகளை நீக்கும் சட்டமானது. 1955 இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. கடைக்குள்ளும் ஓட்டலுக்குள்ளும் வரவிடாமல் தடுத்தால் தண்டனை என்றது.

இரண்டாவது பலகை அப்படியே இருந்தது. அதைத் தொட்டது பெரியார். 1957 இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லி மறியல் தொடங்கியது. மாதக்கணக்கில் நாள்தோறும் தொண்டர்கள் போனார்கள், கைதானார்கள். கடைசியில் பெயர் மாறியது. ஒரு சொல்லுக்கா இத்தனை பேர் சிறை போனார்கள் என்று அன்றும் சிலர் சிரித்தார்கள். அந்தச் சொல்தான் சரக்கு என்பது சிரித்தவர்களுக்குப் புரியவில்லை. கடைக்காரருக்குப் புரிந்திருந்தது. புரியாமலா அவ்வளவு நாள் விடாப்பிடியாக நின்றார்? 2012 இல் ஸ்ரீரங்கத்தில் அதே சொல் இன்னொரு கடையின் பலகையில் ஏறியபோது திராவிடர் கழகத்தார் மறுபடி போராட வேண்டியிருந்தது.

இந்தப் போராட்டத்தை மதிக்கிறோம். மதித்துக்கொண்டே இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. 'பிராமணாள்' இறங்கிய இடத்தில் என்ன ஏறியது? கவுண்டர் மெஸ், ரெட்டியார் மெஸ், செட்டியார் மெஸ், முதலியார் மெஸ். இவை எந்த ஊரிலும் பார்க்கிற பலகைகள். அந்தப் பெயர் சமையலின் ருசியைக் குறிக்கிறது என்பார்கள். சரி. அப்படியானால் பள்ளர் மெஸ், பறையர் பவன், அருந்ததியர் விலாஸ் என்று பலகை மாட்டி, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடை போட்டுப் பாருங்கள். நம்மிடம் ருசி இல்லையா? கொடலும் ரத்தப் பொரியலும் நத்தையும் கருவாடும் நம் அடுப்பில் வேகிற மாதிரி எங்கே வேகும்? ஆனால் அந்தப் பலகையை மனசுக்குள் மாட்டிப் பார்க்கும்போதே நமக்குச் சிரிப்பு வருகிறது இல்லையா, அந்தச் சிரிப்புதான் சந்தை. சாதிப் பெயர் விற்பனைப் பெயர் ஆகலாம், ஆனால் எல்லாச் சாதிப் பெயரும் ஆகாது. சிலருக்கு அது பலகை. நமக்கு அது வசவு.

'உயர்தர சைவ உணவகம்' என்ற சொல்லையும் இங்கேயே வாசித்துவிடலாம். 2014 இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் புலால் உண்பவர்கள். நூற்றுக்கு 97 பேர் கறியும் மீனும் தின்கிற ஊரில் 'உயர்தர' என்ற சொல் போய் ஒட்டிக்கொள்வது சைவத்தோடுதான். 97 பேர் தின்பதற்குச் சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லை. அதைக் குறிக்கச் சைவத்துக்கு முன்னால் ஓர் 'அ' போட்டு அசைவம் என்கிறோம். பெரும்பான்மையின் சோறு சிறுபான்மையின் சோற்றுக்கு எதிர்ப்பதமாகிவிட்டது. இதைச் செய்ய எந்தக் கம்பெனியும் கோடி செலவழிக்கவில்லை. பெயர்ப்பலகைகளே போதுமாக இருந்தன.

4

சந்தைக்குச் சாதி கிடையாது, காசு இருந்தால் யாரும் வாங்கலாம் என்று நம் படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. அந்தப் பாதியைச் சரியாகப் பார்த்தால்தான் மறுபாதி தெரியும்.

சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டு விற்கிற முறைக்கு நம் கடலூர் ஒரு பிறந்த வீடு. அங்கே சின்னி கிருஷ்ணன் அதைச் செய்து பார்த்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983 இல் 15,000 ரூபாயோடு தனியே தொழில் தொடங்கி சிக் ஷாம்பூவை ஊர் ஊராகக் கொண்டுபோனார். கிராமத்துக்குப் போய் ஆட்களை உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். காலிப் பொட்டலம் கொண்டுவந்தால் புதிதாக ஒன்று இலவசம் என்றார்கள். பாட்டில் வாங்க முடியாதவன் ஒரு நாள் குளியலை வாங்கலாம் என்று ஆனது. தினக்கூலியின் அளவுக்குப் பொருளின் அளவை வெட்டினார்கள். ரோடும் விளக்கும் வராத சேரிக்கு ஷாம்பூ வந்து சேர்ந்தது.

இதை வெறும் சுரண்டல் என்று ஒதுக்க எனக்கு மனசில்லை. நம் பெரியவர்களைக் கேளுங்கள். சில்லறையாக எண்ணெய் வாங்கப் போனால் கடைக்காரன் எட்ட நின்று தூக்கி ஊற்றுவான். பாதி பாத்திரத்தில், பாதி மண்ணில். காசைத் தரையில் வைக்கச் சொல்வான். 'அந்தக் காலத்துல கேட்டத வாங்கல, குடுத்தத வாங்குனோம்' என்பார்கள். பொட்டலம் வந்தது. அளக்க வேண்டாம், ஊற்ற வேண்டாம். ஐயர் வீட்டுக்கும் அதே பொட்டலம், நமக்கும் அதே பொட்டலம். மூடி ஒட்டிய பொருள் யார் தொட்டது என்று சொல்லாது. அந்த அளவுக்கு அது நமக்கு விடுதலைதான். சாதிக்காரனும் அதே மூடிக்குள் தந்திரம் கண்டுபிடித்தான் என்பது வேறு. டீக்கடையில் இரட்டைக் குவளை கூடாது என்று போராடினால், வீசி எறிகிற காகிதக் குவளையை நமக்கு மட்டும் எடுத்து நீட்டினான்.

ஆக, வாங்குகிற கதவு திறந்தது. விற்கிற கதவு?

கிராமப்புறத் தீண்டாமை பற்றி 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் செய்த ஆய்வு ஒன்று 2006 இல் நூலாக வந்தது. பால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிற கிராமங்களில் கிட்டத்தட்டப் பாதியில் தலித்துகள் பால் ஊற்ற முடியாது என்று அது பதிவு செய்தது. பால் வாங்கவும் முடியாத கிராமங்கள் ஏறத்தாழ நான்கில் ஒன்று. இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை உற்றுப் பாருங்கள். நம் காசு தீட்டில்லை என்று ஒத்துக்கொண்ட ஊர்களில் பல, நம் பால் தீட்டு என்கின்றன. மாடு அதே மாடு. புல் அதே புல். கறக்கிற கைதான் வேறு. வாங்க வா, விற்க வராதே என்பதுதான் சந்தை நமக்குச் சொல்கிற சேதி.

5

இதை என் சின்னம்மா அனுபவித்தார். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் தெருப் பெண்கள் 12 பேர் சேர்ந்து மகளிர் சுயஉதவிக் குழு வைத்திருந்தார்கள். மிளகாய் அவர்களுக்குக் கைவந்த பொருள். குழம்புத்தூளும் கருவாட்டுக் குழம்புப் பொடியும் அரைத்தார்கள். பயிற்சிக்குப் போனார்கள். கையுறை, தலைவலை எல்லாம் வாங்கினார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வாங்கினார்கள். பொட்டலம் அச்சடிக்கிற நாள் வந்தது.

பொட்டலத்தில் தயாரிப்பவரின் பெயரும் முழு முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாங்குகிறவரின் பாதுகாப்புக்காக வந்த நல்ல சட்டம். எங்கள் முகவரியில் 'காலனி' என்ற சொல் இருக்கிறது. அச்சடித்துக் கடைக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்து டவுன் கடைக்காரர் பொடியை உள்ளங்கையில் போட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பொய் சொல்லக்கூடாது, நல்லாப் பேசினார் என்கிறார் சின்னம்மா.

'சரக்கு சுத்தமா இருக்குத்தா. எனக்கொண்ணும் இல்ல. வாங்குறவுக அட்ரசத் திருப்பிப் பாப்பாகள்ல. ஒரு ஆளு பாத்துட்டா என் மத்த சரக்கும் நிக்கும்.'

'அப்ப என்ன செய்யச் சொல்றீக அண்ணாச்சி?'

'பொட்டலமா வேணாம். மூட்டையாக் குடு. கிலோ 280 போட்டு எடுத்துக்கிறேன். பொட்டலம் நான் போட்டுக்கிறேன்.'

கொடுத்தார்கள். வாங்கின கடனுக்குத் தவணை கட்டியாக வேண்டுமே. அதே பொடி இன்னொரு பெயரில் 100 கிராம் 48 ரூபாய்க்குத் தொங்கியது. பொட்டலத்தின் மேல் மூக்குத்தி போட்ட ஒரு பாட்டி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'பாரம்பரியக் கைமணம்'. சின்னம்மா ஒன்று வாங்கி வந்து வீட்டில் காட்டினார். 'ஏங் கைமணந்தேன். மூஞ்சி மட்டும் வேற யாரோடதோ' என்றார்.

கிலோவுக்கு 280 எங்கே, 480 எங்கே. பை, அச்சு, கடை வாடகை எல்லாம் கழித்துக்கொள்ளுங்கள். மீதி இருப்பது பெயரின் விலை. பெயரின் விலை என்பது சாதியின் விலை. பொருளாதாரப் புத்தகங்கள் இதை வணிகப் பெயரின் மதிப்பு என்கின்றன. எங்கள் தெருவில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் கடைக்காரர் பார்த்தது எழுத்தை மட்டும் இல்லை. அம்பேத்கர் நகர் என்று மாற்றினாலும் அவர் வாடிக்கையாளருக்குத் தெரியும். நம் தெருவுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அந்தப் பெயரைத் தீட்டாக்கிவிடுகிற திறமை இந்த ஊருக்கு உண்டு.

6

'சுத்தம் வேண்டாமா? கை படாமல் செய்வது சுகாதாரம்தானே' என்று கேட்கலாம். வேண்டும். நம் பிள்ளைக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் அழுக்கு வேறு, தீட்டு வேறு. அழுக்கு சோப்புப் போட்டால் போகும். தீட்டு போகாது. 1927 மார்ச் 20 இல் மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தினார். அவரோடு ஆயிரக்கணக்கானோர் அருந்தினார்கள். பிறகு ஊர்ச் சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எதை ஊற்றி? சாணமும் மூத்திரமும் கலந்து, 108 குடத்தில். சுகாதாரம்தான் கவலை என்றால் எவனாவது குடிதண்ணீரில் சாணி கரைப்பானா? நம் நாட்டில் 'சுத்தம்' என்ற சொல்லைக் கேட்டால் எந்தச் சுத்தம் என்று கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும். விளம்பரம் வேண்டுமென்றே அந்தக் கேள்விக்கு இடம் தராது. மருத்துவரின் சுத்தத்தைச் சொல்லிக்கொண்டே மடியின் சுத்தத்தை விற்கும்.

விளம்பரமே இல்லாத இடத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பள்ளிச் சோற்றுக்கு விளம்பரம் கிடையாது, விலையும் கிடையாது. 2018 இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் அரசுப் பள்ளிச் சமையலராகத் தலித் பெண் ஒருவர் வந்தபோது ஊரார் எதிர்த்து நின்றார்கள். முதலில் அவரை இடம் மாற்றினார்கள். போராட்டம் வந்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. 2023 இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போக வேண்டியிருந்தது. அரிசி அரசு அரிசி. பருப்பு அரசுப் பருப்பு. பாத்திரம், அடுப்பு, உணவுப் பட்டியல் எல்லாம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்று. மறுக்கப்பட்டது சோறு இல்லை, கை. காசு கொடுத்துப் பொட்டலம் வாங்கும்போது வெளியே தெரியாமல் நடக்கிற தேர்வு, இலவசச் சோற்றில் அம்மணமாகத் தெரிந்துவிட்டது. அந்தப் பெற்றோரும் எவ்வளவோ பொட்டலங்கள் வாங்குகிறவர்கள்தான். எந்தப் பொடியையும் அவர்கள் இப்படி மறுத்ததாகச் செய்தி இல்லை. பொட்டலத்தில் கை தெரியாது.

7

இதெல்லாம் பழைய மனிதர்களின் பழக்கம், புதிய தலைமுறையும் கணினியும் வந்தால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. செல்பேசியில் சோறு வரவழைக்கிற சொமாட்டோ கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூனில் உலகச் சுற்றுச்சூழல் நாளுக்கு ஒரு விளம்பரம் விட்டார்கள். 'லகான்' படத்தில் கச்ரா என்ற தீண்டப்படாத பாத்திரத்தில் நடித்தவரையே அழைத்து வந்து, குப்பையிலிருந்து மறுசுழற்சியில் செய்த மேசையாகவும் விளக்காகவும் துண்டாகவும் உட்காரவைத்துக் காட்டினார்கள். கச்ரா என்றால் குப்பை. இது அவர்களுக்கு நகைச்சுவையாகத் தெரிந்தது. தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள்.

அதே கம்பெனி 2024 மார்ச் 19 அன்று, சுத்த சைவ வாடிக்கையாளர்களுக்கெனச் சைவக் கடை உணவை மட்டும் கொண்டுவரும் தனி ஆட்படை என்று அறிவித்தது. அவர்களுக்குப் பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டையை வாபஸ் வாங்கினார்கள். ஆட்படை இருக்கும், எல்லோருக்கும் சிவப்புச் சட்டை என்றார்கள். கவனியுங்கள். சமைக்கிற கைக்கு மட்டும் இருந்த விசாரணை, மூடி ஒட்டிய பெட்டியைத் தூக்கி வருகிற கைக்கும் வந்துவிட்டது. பெட்டிக்குள் இருப்பது எதுவும் அந்தப் பையனின் கையில் ஒட்டப்போவதில்லை. ஆனாலும் அவன் வேறு பெட்டி தூக்காதவனாக இருக்க வேண்டும். நம் பாட்டன் எட்ட நின்று எண்ணெய் வாங்கிய காலத்தைச் செல்பேசிக்குள் கொண்டுவந்து அதற்குச் 'சேவை' என்று பெயர் வைத்தார்கள்.

கேரளத்தில் தொடுபுழாவில் 1987 இல் தொடங்கிய உணவுப்பொருள் நிறுவனத்தின் பெயர் 'பிராமின்ஸ்'. வெறும் சாதிப் பெயர்தான் வணிகப் பெயர். 2023 இல் விப்ரோ குழுமத்தின் நுகர்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. கணினியும் மென்பொருளும் என்று உலகம் அறிந்த பெயர், பொடியையும் ஊறுகாயையும் வாங்கும்போது அந்தப் பலகையையும் சேர்த்துத்தான் வாங்கியது. முரளி கபே மறியல் தொடங்கி 66 ஆண்டு கழித்து, இறக்கச் சொன்ன சொல் கம்பெனி விற்பனையில் சொத்தாகிக் கைமாறியது. நவீன மூலதனம் சாதியை ஒழிக்கும் என்று காத்திருக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். விலை போகிற எதையும் மூலதனம் ஒழிக்காது.

8

அப்படியானால் என்ன செய்வது?

நம் பெயரிலேயே விற்போம் என்று ஒரு பதில் இருக்கிறது. சந்திரபான் பிரசாத் 2016 இல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரில் மஞ்சள் தூள், மல்லித் தூள், ஊறுகாய் விற்கத் தொடங்கினார். சந்தை எந்தச் சொல்லை ஒளிக்கச் சொன்னதோ அதையே பொட்டலத்தின் நெற்றியில் எழுதினார். வாங்குகிறவனே, உன் நாக்கைக் கேட்காதே, உன் மனசைக் கேள் என்று அந்தப் பொட்டலம் சொல்கிறது. அந்தத் துணிச்சலுக்கு வணக்கம். ஆனால் வட்டிக்கு வாங்கி மிளகாய் அரைக்கிற 12 பெண்களை, நீங்கள் தினமும் சந்தையில் போய் இந்த நாட்டின் மனசைச் சோதியுங்கள் என்று அனுப்ப முடியாது. சோதனையில் தோற்றால் தவணை யார் கட்டுவது? துணிச்சல் கைமுதல் உள்ளவனுக்குக் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும்.

ஆகவே அரசைக் கேட்போம். 2012 இல் வந்த மத்திய அரசுக் கொள்முதல் கொள்கை, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில் முனைவோரிடம் வாங்க வேண்டும் என்கிறது. இது சந்தையின் மனசு மாறும்வரை காத்திருக்காத வழி. நம் கோரிக்கை இதைவிடக் குறிப்பாக இருக்க வேண்டும். நாற்காலியும் பேனாவும் மட்டும் போதாது. அரசுச் சமையலறைக்குப் போகிற பொடி, எண்ணெய், ஊறுகாய், அப்பளம் நம் பெண்களின் குழுக்களிடமிருந்து வாங்கப்பட வேண்டும். சத்துணவுக் கூடத்திலும் காலை உணவிலும் மருத்துவமனைச் சமையலறையிலும் எல்லா மாணவர் விடுதிகளிலும் அது போக வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிக்கு மட்டும் என்று ஒதுக்கினால் அது இன்னொரு காகிதக் குவளை. எல்லாச் சாதிப் பிள்ளையின் தட்டிலும் நம் கை பட்ட சோறு விழ வேண்டும். அது கருணை இல்லை, கொள்முதல். பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கிற உரிமை நம் முன்னோர் கேட்டது. பொதுத்தட்டில் சோறு போடுகிற உரிமை நாம் கேட்பது.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சிறுகதையில் பிராமணப் பாத்திரத்தின் பேச்சு வழக்கைக் கட்டுடைக்கிற நாம், காலையில் பல் விளக்கும்போதே பத்து விளம்பரத்தை முழுங்கிவிட்டுத்தான் அந்தக் கட்டுரையை எழுத உட்காருகிறோம். பாரம்பரியம் என்றால் யாருடைய பாரம்பரியம்? சுத்தம் என்றால் எந்தச் சுத்தம்? பாட்டி என்றால் யார் பாட்டி? நம் பாட்டிகளுக்கும் கைமணம் இருந்தது. அவர்கள் கையில் மிளகாய் எரிச்சலும் இருந்தது. இந்தக் கேள்விகளை மாணவர் விடுதியில், சங்கக் கூட்டத்தில், சுயஉதவிக் குழுவில் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கலாம். அதற்கு யாரும் மேற்கோள் தர வேண்டியதில்லை. பொட்டலம் போதும்.

கை படாமல் எந்தச் சோறும் இல்லை. நட்ட கை, களை எடுத்த கை, அறுத்த கை, காம்பு கிள்ளிய கை, மூட்டை தூக்கிய கை, ஆலையின் தரையையும் சாக்கடையையும் கழுவிய கை எல்லாம் அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது. படவில்லை என்று எழுதுகிறவன் பொய் எழுதுகிறான். அந்தப் பொய்க்கு மேல்விலை கொடுத்து வாங்குகிறார்கள். விலையில் நம் பங்கு எங்கே என்று இனி நாம் கேட்க வேண்டும்.